மூச்சுக்கு ஏற்ற அடி

திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்கு நடந்து போகிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் முதலில் வரும் கேள்வி, "என்ன வேண்டுதல்?" என்பதுதான். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. தை பிறந்துவிட்டால் எங்கள் சாலைகள் பாதயாத்திரைக்காரர்களுக்கு உரியவை. செட்டிநாட்டுப் பக்கமிருந்து காவடியோடு வரும் நகரத்தார், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்து ஊர்க்காரர்கள் என்று எல்லாரும் நத்தம் வழியாகவும் மதுரை ரோடு வழியாகவும் ஊருக்குள் வந்து, ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழநிக்குப் போவார்கள். இங்கிருந்து பழநிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வாசலில் நின்று அவர்களுக்கு மோர் ஊற்றி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அதனால் நெடுந்தூர நடை எங்களுக்குப் புதிதில்லை. காவடியும் கூட்டமும் இல்லாமல் ஒருவன் தனியாக மலைமேல் ஏறிப் போவதுதான் புரியாது.

நடையைப் பற்றி எனக்குத் தெரிந்த அடிப்படைகள் அந்தப் பாதயாத்திரைக்காரர்களைப் பார்த்துக் கற்றவை. விடிவதற்கு வெகுமுன்பே கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறியதும் மரத்தடியில் படுத்துவிடுவார்கள். தாழ்ந்த பிறகு மறுபடி நடப்பார்கள். தங்குமிடம் வந்ததும் முதலில் கவனிப்பது வயிற்றை அல்ல, பாதத்தை. கொப்புளம் வந்தாலும் அதன் மேல்தோலை உரிக்க மாட்டார்கள். நகரத்தார் போனது போலவே நடந்தே ஊர் திரும்பும் மரபுள்ளவர்கள். போகும்போதே திரும்புவதற்கான காலையும் சேர்த்துக் காப்பாற்றத் தெரிந்தவர்கள். இதையெல்லாம் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆனால் அவர்களிடம் கற்க முடியாதது ஒன்று உண்டு. கூட்டத்தில் நடக்கும்போது கால்களை அரோகரா இழுத்துக்கொண்டு போகும். முன்னே போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடியே பத்து கிலோமீட்டர் நடந்துவிடலாம். தனியாக ஏறுகிறவனுக்கு அந்த இழுப்பு இல்லை. எவ்வளவு வேகம், எங்கே நிற்பது, எப்போது தண்ணீர் குடிப்பது, எப்போது திரும்புவது என்று அத்தனையையும் அவனே முடிவுசெய்ய வேண்டும். நான் இத்தனை காலம் பழகிவருவது அந்த முடிவுகளைத்தான்.

கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் போனால் மூன்று, மூன்றரை மணி நேரம். கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கும் ஊரில் ஏறி உட்கார்ந்து, 2,100 மீட்டருக்கு மேலே போய் இறங்குகிறோம். 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி பார்த்தால் மேலே இறங்கும்போது பன்னிரண்டு டிகிரி போல் குறைந்திருக்கும். காற்றின் அழுத்தமும் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். இவ்வளவு மாற்றமும் நடந்தது உடம்புக்கே தெரியாது. தூங்கி எழுந்தால் குளிர். நடந்து ஏறினால் ஒவ்வொரு டிகிரியும் தோலில் பட்டுத்தான் போகிறது. எந்த வளைவில் புளியமரம் முடிந்தது, எங்கே முதல் காப்பிச் செடி நின்றது, எந்த இடத்தில் சட்டைக் கையை இறக்கிவிட்டோம் என்பதெல்லாம் காலுக்கு ஞாபகம் இருக்கும். திண்டுக்கல்காரன் மலையை வாசல்படியிலிருந்தே ஏறிப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

வழக்கமான பஸ் தடத்தில் நான் போவதில்லை. செம்பட்டி, சித்தையன்கோட்டை, அய்யம்பாளையம், சித்தரேவு என்று சமவெளியில் வந்து, அங்கிருந்து பெரும்பாறைக்கு ஏறும் மலைச்சாலையைப் பிடிப்பேன். பிறகு தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஊத்து, பெருமாள்மலை, செண்பகனூர். கீழ்ப்பழநி மலையின் முதுகிலேயே ஊர் ஊராகப் போகும் வழி. அவசரமில்லாமல் சில நாட்களில் முடியும்.

இதைக் கேட்டதும் இளைஞர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். "ரோட்டுலயா? காட்டுக்குள்ள போகலையா?" காட்டுக்குள் தனியாகப் போகக் கூடாது; அது என் உறுதியான கருத்து, சட்டமும் அதுதான். 2018 மார்ச் 11 அன்று பக்கத்துத் தேனி மாவட்டத்தில் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மாசி, பங்குனியில் காய்ந்து நிற்கும் புல்வெளியில் தீ மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஓடும் என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும்; வெளியூர்க்காரர்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வனப்பகுதி மலையேற்றத்துக்கு வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம் என்று விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் தேர்ந்து, முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகும் திட்டத்தையும் தொடங்கியது. காடு பார்க்க விரும்புகிறவர்கள் அப்படித்தான் போக வேண்டும். தனிநடைக்கு ஊர்களை இணைக்கும் சாலையும், ஊர்க்காரர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையும் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும், தோட்டத்து வேலைக்காரர்களும், ரேஷன் அரிசி சுமந்து போகிறவர்களும் நடக்கிற பாதை எனக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை.

இங்கே சொல்ல வந்தது அந்த நடையில் ஒரு நாளை. சித்தரேவிலிருந்து மேலே ஏறும் நாள். பொங்கல் கழிந்த பிறகு, தையின் நடுவில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, அட்டை குறைந்து, தீ பயம் இன்னும் தொடங்காத சில வாரங்கள் எங்கள் மலைக்கு உண்டு. நடப்பதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

முதல்நாள் இரவு சித்தரேவில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் படுக்கை. நாலரைக்கு எழுந்து முதல் வேலை பாதம். நகத்தை அன்று வெட்டக் கூடாது. இரண்டு நாள் முன்னால் வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் கூராக நின்று பக்கத்து விரலைக் கிழிக்கும். விளக்கெண்ணெய் ஒரு சொட்டு எடுத்து விரல் இடுக்குகளில் தேய்ப்பேன். குதிகாலின் பின்புறத்தையும் சுண்டுவிரலின் வெளிப்பக்கத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். தோல் சூடாகவோ சற்றே வலியாகவோ இருந்தால் கொப்புளம் அங்கேதான் வரப்போகிறது. அப்போதே அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும். மேலே மெல்லிய பருத்தி உறை, அதற்கு மேல் தடித்த உறை. இரண்டு உறைகளும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும், தோல் தப்பித்துக்கொள்ளும். ஷூ கயிற்றை ஏற்றத்துக்குக் கணுக்கால் பக்கம் சற்றுத் தளர்வாகக் கட்டுவேன், கால் மடங்க வேண்டும் என்பதற்காக. இறக்கத்தில் அதே இடத்தை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதம் முன்னால் சரிந்து நகம் கறுத்துவிடும். இதற்கெல்லாம் சேர்த்து இருபது நிமிடம் ஆகும். இந்த இருபது நிமிடத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர் மூன்றாம் நாள் நடக்க மாட்டார்.

பை என் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு மாற்றுடை, ஒரு போர்வை, மழைத்தாள், டார்ச், மருந்துப் பொட்டலம், இரண்டு பாட்டில் தண்ணீர், பொரிகடலையும் கருப்பட்டியும், மதியத்துக்கு வாழையிலையில் கட்டிய புளிச்சோறு. கையில் மூங்கில் கம்பும் குடையும். குடையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. தை வெயிலானாலும் பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை சுடும். நிழல் இல்லாத வளைவுகளில் குடைதான் மரம்.

ஏற்றத்தின் முதல் ஒரு மணி நேரம்தான் அன்றைய நாளைத் தீர்மானிக்கிறது. தூங்கி எழுந்த கால்கள் துள்ளும். குளிர்ந்த காற்று தள்ளும். வேகமாகப் போகத் தோன்றும். அப்போதுதான் பால் பொங்காமல் சிறு தீயில் வைப்பது போல உடம்பை வைத்திருக்க வேண்டும். எனக்கு அளவு இதுதான்: வாயை மூடி மூக்கால் மட்டும் மூச்சு விட்டபடி நடக்க முடிய வேண்டும், ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். இரண்டும் முடிந்தால் வேகம் சரி. முடியாவிட்டால் நிற்கத் தேவையில்லை. அடியைச் சுருக்க வேண்டும். சரிவு கூடும்போது பெரும்பாலோர் அதே நீள அடியை வைத்துக்கொண்டு மெதுவாகப் போகிறார்கள். அது தொடையைத் தின்றுவிடும். அடியின் தாளத்தை மாற்றாமல் நீளத்தை மட்டும் பாதியாக்கினால், எவ்வளவு செங்குத்தான மேட்டையும் ஏறிவிடலாம்.

இதை எனக்குக் காட்டித்தந்தவர்கள் விறகுச் சுமையோடு ஏறும் மலையூர்ப் பெண்கள். அவர்களைப் பின்னாலிருந்து கவனித்தால் தெரியும். பாதம் முழுவதும் தரையில் பதியும். குதிகால் தூக்கி நிற்காது. ஒரு கால் முன்னே போனதும் பின்னங்கால் ஒரு கணம் முட்டி மடங்காமல் நேராக நிற்கும். அந்தக் கணத்தில் தலைச்சுமையும் உடம்பும் எலும்பின் மேல் நிற்கின்றன, சதைக்கு ஓய்வு. பிறகுதான் அடுத்த அடி. ஒவ்வொரு அடியிலும் கண்ணிமைக்கும் நேரம் ஓய்வெடுத்துக்கொண்டே அவர்கள் நிற்காமல் மேலே வருவார்கள். நடுவில் பேச்சும் உண்டு. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை வழிகாட்டிகளும் இதே அடியைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். பெரும்பாறை ரோட்டில் அதற்கு வகுப்பு எடுப்பவர்கள் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன விதியை வைத்துக்கொள்கிறேன்: சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 20 கிலோமீட்டர் நடையில் 800 மீட்டர் ஏற்றம் என்றால் ஐந்தரை மணி நேரத்துக்குள் வரும். அது குளிர்நாட்டுக்காரர் கணக்கு. எங்கள் வெயிலுக்கும், டீக்கடைகளுக்கும், வழியில் கேட்கப்படும் கேள்விகளுக்கும் சேர்த்து அதில் பாதியை மேலும் கூட்டிக்கொள்வேன். இந்தக் கணக்கை இரண்டு தாளில் எழுதி ஒன்றை வீட்டில் கொடுத்துவிடுவேன். இன்னின்ன ஊர், இன்னின்ன நேரம், மாலை ஆறு மணிக்குள் போன் வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும். மலையில் பல வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. தனியாகப் போகிறவன் யாருக்கும் சொல்லாமல் போவதை வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது வீட்டில் இருப்பவர்கள் மேல் ஏற்றும் சுமை.

கொண்டை ஊசி வளைவுகளில் நடப்பதற்கும் முறை உண்டு. வளைவின் உள்விளிம்பு குறுகியது, ஆனால் செங்குத்து. வெளிவிளிம்பு நீளம், ஆனால் சாய்வு குறைவு. அவசரக்காரர் உள்ளே போவார். நாள் முழுக்க நடக்க வேண்டியவர் வெளியே போவார். சாலையில் எப்போதும் வலப்பக்கம், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி. ஆனால் வலப்பக்கம் பாறைச் சுவரும் கண் தெரியாத திருப்பமும் வந்தால், அதற்கு முன்பே இடப்பக்கம் மாறிவிட வேண்டும். வளைவில் ஹாரன் கேட்டால் நடக்காமல் நின்றுவிடுவேன். நிற்கிறவனை டிரைவர் சுலபமாகக் கணிப்பார்.

அடிவாரத்தில் தென்னையும் மாவும் புளியும். மருதாநதி அணைத் தண்ணீர் பாயும் இடமெல்லாம் பச்சை. கொஞ்சம் ஏறியதும் அந்தப் பச்சை சட்டென்று நின்று, உசிலையும் வேலமும் முள்ளும் பாறையுமாகக் காய்ந்த காடு தொடங்கும். முதல்முறை வருபவர்கள் இங்கேதான் ஏமாற்றம் அடைவார்கள். மலைக்குப் போனால் குளிர் என்று நினைத்து வந்திருப்பார்கள், சமவெளியைவிட அதிகமாக இங்கே வியர்க்கும். தென்மேற்குப் பருவமழையைப் பழநிமலை தடுத்துவிடுகிறது. திண்டுக்கல் சமவெளியும் இந்தக் கிழக்குச் சரிவும் மழை நிழலில் கிடக்கின்றன. ஐப்பசி கார்த்திகை மழைதான் கதி. இந்தக் காய்ந்த பட்டையைக் கடக்கும்போது தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. இருபது நிமிடத்துக்கு இரண்டு மடக்கு, மணிக்கு ஒரு முறை உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர், ஒரு துண்டு கருப்பட்டி.

அன்று எட்டு மணி இருக்கும். சாலை ஓரத்து மண்ணில் யானைச் சாணம். குனிந்து பார்த்தேன். பச்சை நிறம் இன்னும் மங்கவில்லை, மேலே ஈரம் பளபளத்தது, ஈ மொய்த்தது, புறங்கையை அருகில் கொண்டுபோனால் இளஞ்சூடு தெரிந்தது. பழைய சாணம் என்றால் வெளியே காய்ந்து நாராக உதிரும், வண்டு துளைத்திருக்கும். இது விடிகாலையில் போட்டது. பக்கத்தில் வாழைத் தண்டு நார் நாராகக் கிழிந்து கிடந்தது. ஏதோ தோட்டத்துக்குள் இறங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறது. மேலே இன்னும் அடர்ந்த மூங்கில் புதர். காற்று என் முதுகுப் பக்கமிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது. என் வாடை எனக்கு முன்னால் போகிறது என்று அர்த்தம்.

திரும்பி வந்து கீழே இருந்த பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் மேலிருந்து ஜீப் ஒன்று இறங்கியது. டிரைவர் தலையை நீட்டி, "அண்ணே, ஒத்தையிலயா போறீக? மேல ரெண்டு வளைவு தாண்டி ஆனை நிக்குது. வெயில் ஏறட்டும், பெறகு போங்க" என்றார். தோட்ட வேலைக்குப் போகும் நாலைந்து பேரும் வந்து அங்கேயே உட்கார்ந்தார்கள். ஒன்றரை மணி நேரம். நான் நடந்த தூரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. போன வாரம் யார் தோட்டத்தில் எத்தனை வாழை போனது என்பதுதான் பேச்சு. ஒரு பெரியவர், "அதுக வழியிலதான நாம ரோடு போட்டு வச்சிருக்கோம் தம்பி" என்று சொல்லி வெற்றிலையை மடித்தார். மறுபடி மேலே போன ஜீப்பில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டபோது நானும் ஏறிக்கொண்டேன். யானை நின்ற இடம் தாண்டி இறங்கிவிட்டேன்.

முழுத் தூரத்தையும் காலால் கடக்க வேண்டும் என்று சபதம் எடுப்பவர்களை நான் அறிவேன். அந்தப் பிடிவாதம் மலையில் வேலைக்கு ஆகாது. காத்திருப்பதும், திரும்புவதும், இரண்டு கிலோமீட்டருக்கு வண்டி ஏறுவதும் நடையின் வேலைகளே. அன்று நான் செய்தவற்றில் மிகச் சரியானது அந்தப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்ததுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

தனிநடையில் காதில் பாட்டுக் கருவி மாட்டுவதில்லை. காட்டுமாடு புதருக்குள் நின்றால் கண்ணுக்கு முன்பு காதுக்குத்தான் தெரியும். கிளை முறியும் சத்தம், ஒரு பெருமூச்சு. கூட்டமாகப் பேசிக்கொண்டு போகிறவர்களைக் கேட்டு விலங்கு விலகிக்கொள்ளும். தனியாளின் சத்தம் அதற்குக் கேட்பதில்லை. ஆகவே வளைவுகளுக்கு முன்னால் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டு போவேன். அப்படிக் காதைத் திறந்து வைத்து நடக்கும்போது மனம் என்ன செய்கிறது என்று கேட்பார்கள். முதல் இரண்டு மணி நேரம் ஊர் விவகாரங்களையே மென்றுகொண்டிருக்கும்: கடன், சண்டை, பதில் சொல்லாமல் விட்ட ஒரு பேச்சு. மூன்றாவது மணியில் அதற்கே சலித்துப்போகும். பிறகு எதிரே இருப்பதைப் பார்க்கத் தொடங்கும். நான் வருவது அந்த மூன்றாவது மணிக்காக.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் காய்ந்த பட்டை முடிந்துவிட்டது. முதலில் தெரிவது வாசனை: ஈர மண்ணும் மட்கிய இலையும். பிறகு சில்வர் ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பி. தையில் காப்பிப் பழம் பறித்து முடிக்கும் காலம்; களத்தில் சிவப்பும் கறுப்புமாகக் காய்ந்துகொண்டிருந்தது. பள்ளத்தில் சௌசௌ பந்தல்கள். இடையிடையே ஆரஞ்சு, பலா, வெண்ணெய்ப்பழம். தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உயரம் சுமார் 1,100 மீட்டர். காலையில் நான் கிளம்பிய இடத்துக்கும் இதற்கும் நடுவே ஐந்து டிகிரி வித்தியாசம் என்பதைப் புத்தகம் சொல்வதற்கு முன் கழுத்தில் காய்ந்துபோன வியர்வை சொல்லிவிட்டது.

மலைவாழையும் இங்கேதான். விருப்பாச்சி, சிறுமலை என்று இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழங்கள் இவை. ஈரம் குறைவு, பஞ்சாமிர்தம் சீக்கிரம் கெடாது. முடிக்கொத்து நோய் வந்து ஒரு காலத்தில் இந்த மலைகளில் பெரும்பகுதி வாழையை அழித்தது. இன்று நிற்பவை அதன் மிச்சமும், திசு வளர்ப்பில் மறுபடி கொண்டுவந்தவையும். கீழே சாலையில் பழநிக்கு நடப்பவர்கள் கோவிலில் வாங்கி நக்கிச் சாப்பிடுவது இந்தச் சரிவில் விளைந்ததை. காப்பி பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா கூடையை இறக்கி வைத்து இரண்டு பழம் எடுத்துக் கொடுத்தார். "பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாம எப்படித்தான் வர்றீகளோ" என்று சொல்லிவிட்டு, அரைமணி நேரம் அவரே பேசினார். தனியாக நடப்பவனுக்கு வழியில் கிடைக்கும் பேச்சு கூட்டமாகப் போகிறவர்களுக்குக் கிடைக்காது. கூட்டத்தைப் பார்த்தால் ஊர் ஒதுங்கி வழிவிடும். ஒற்றை ஆளைப் பார்த்தால் உட்காரச் சொல்லும்.

புளிச்சோற்றை அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, கிழக்கே திறந்த ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கீழே சமவெளி முழுவதும் விரிந்திருந்தது. கிழக்கு அடிவானத்தில் சிறுமலை நீளமாகக் கிடந்தது. நடுவே திண்டுக்கல் இருக்கும் திசையில் மலைக்கோட்டைப் பாறையைத் தேடினேன், அன்று புகைமூட்டம். இந்தச் சரிவுகளில் பெய்யும் மழைதான் ஓடைகளாக இறங்கி ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து எங்கள் ஊர்க் குழாய்களுக்கு வருகிறது. ஊரில் தண்ணீர் வரவில்லை என்று மாநகராட்சியைக் கேட்கத் தெரிந்த எங்களுக்கு, அது எந்தப் பாறை இடுக்கிலிருந்து கிளம்புகிறது என்று போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. ஒருமுறை காலால் ஏறி வந்தவர் பிறகு குழாயை அப்படித் திறந்துவிட்டுப் போக மாட்டார். சோலைக்காடும் புல்வெளியும் மேலே ஏன் நிற்க வேண்டும் என்று அவருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இந்த மலைகளை முதலில் அளந்தவர் என்று லெப்டினன்ட் வார்டின் பெயரைச் சொல்வார்கள், 1821. மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார் 1845-ல் கொடைக்கானலில் குடியேறினார்கள். ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூர் நிலையத்தில், அதாவது இன்றைய கொடைரோட்டில், இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்கு வந்து, அங்கிருந்து செண்பகனூருக்குக் காட்டுப் பாதையில் ஏறினார்கள். ஏறினார்கள் என்று எழுதியிருக்கிறது. பலர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், ஏறியது தூக்கியவர்கள். 1910களில் லாஸ் காட் ரோடு வரும்வரை கொடைக்கானலின் பியானோவும் கண்ணாடியும் இரும்புக் கட்டிலும் ஆள் தலையிலும் தோளிலும்தான் போயின. 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகத்தின் கருவிகளும் அந்தச் சாலை வருவதற்கு முன்பே மேலே போய்விட்டன. அதற்கும் முன்னால், இந்த மலையைப் பாதை பாதையாக அறிந்திருந்த பளியர்கள் யார் கணக்கிலும் 'முதலில் ஏறியவர்கள்' ஆகவில்லை. தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் போனால் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் நிற்கின்றன. ஆங்லேட் என்ற பாதிரியாரும் நியூட்டனும் அவற்றைப் பற்றி எழுதிய நூலை 1928-ல் தொல்லியல் துறை வெளியிட்டது. அந்தப் பலகைக் கற்களை நிறுத்தியவர்களும் நடந்துதான் வந்திருக்க வேண்டும். மலைநடையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சுமந்தவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். பத்தில் ஒரு பங்கு எடையோடு நடக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அதற்குப் பிறகுதான் இடம்.

மூன்று மணிக்கு மேல் கால் கனக்கும். இந்த நேரத்தில் இரண்டு வளைவுக்கு நடுவே ஒரு குறுக்குப் பாதை கண்ணில் பட்டால் ஆசை வரும். தூரம் பாதியாகும், ஆனால் பகலின் கடைசியில், சோர்ந்த முட்டியோடு, உருளும் கல்லில் செங்குத்தாக ஏறுவது நல்லதில்லை. காலையில் குறுக்குப் பாதை, மாலையில் சாலை. அதோடு நாலு மணிக்குமேல் எங்கே இருந்தாலும் அன்றைய நடை முடிந்தது என்று வைத்திருக்கிறேன். மலையின் கிழக்குப் பக்கம் வெயில் சீக்கிரம் மறையும். யானையும் காட்டுமாடும் தண்ணீருக்கு இறங்கும் நேரம் அது.

அன்று நாலுக்கு முன்பே தங்கும் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். காவலாளியின் மனைவி தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். சூடாக இருக்கும் பாதத்தை உடனே நனைக்காமல், ஷூவைக் கழற்றிக் கால்மணி நேரம் திண்ணையில் நீட்டி வைத்துவிட்டுப் பிறகுதான் கழுவினேன். வலது சுண்டுவிரலில் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. நாளைக்கு அங்கே பிளாஸ்திரி. உறைகளைத் துவைத்து அடுப்பங்கரைக் கொடியில் போட்டேன். மலைக்காற்றில் வெளியே காயாது. தோட்டத்துப் பெயர்ப்பலகை அருகே கொஞ்சம் சிக்னல் கிடைக்கும் என்றார்கள். அங்கே நின்று வீட்டுக்குப் பேசினேன்.

இரவு சோற்றுக்கு உட்கார்ந்தபோது காவலாளி, "நாளைக்கி எங்கிட்டு அண்ணே?" என்று கேட்டார்.

"தாண்டிக்குடி. அஞ்சரைக்குக் கிளம்பலாம்னு இருக்கேன்."

"அஞ்சரை வேணாம். மங்களம்கொம்பு போறதுக்குள்ள பள்ளத்துல பனி எறங்கிக் கெடக்கும், எதிர ஆளு வந்தாலும் தெரியாது. மொத பஸ்ஸு போகட்டும். அவன் போனா ரோட்டுல நிக்கிறது ஒதுங்கிரும். அதுக்குப் பெறகு நீங்க போங்க."

பையிலிருந்து தாளை எடுத்து நேரக் கணக்கை மாற்றி எழுதினேன். புறப்பாடு ஏழரை, தாண்டிக்குடி, நடுவில் ஒரு டீயும் சேர்த்து, மதியம் இரண்டு.